மாலையில் தேய்ந்த குரல்

என் கணவர் எங்கள் தெருப் பள்ளிவாசலில் மோதினாராக இருந்தார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பது அவர் வேலை. ஒலிபெருக்கி அப்போது எங்கள் பள்ளிக்கு வந்திருக்கவில்லை. மினாராவின் பாதி உயரத்தில் ஒரு சின்ன மாடம் உண்டு. அங்கே நின்று, காதுகளில் விரலை வைத்துக்கொண்டு அவர் குரல் கொடுத்தால் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். பள்ளிவாசலின் பின்சுவருக்கும் எங்கள் கொல்லைச் சுவருக்கும் நடுவில் ஒரு சந்துதான். ஆகவே காரைக்காலிலேயே அந்தக் குரலை மிகப் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான்தான்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். வீட்டில் உம்மா, என் அண்ணன், நாங்கள் இருவர். அண்ணனை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவருக்குத் துணிக்கடை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழைய காவல்காரர்கள் போய்ப் புதிய காவல்காரர்கள் வந்திருந்தார்கள். மற்றபடி எங்கள் தெருவில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை.

ஒரு நாள் சூரியன் இறங்கும் நேரம், கொல்லையில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தேன். மஃரிப் பாங்கு தொடங்கியது. முதலில் நான்கு தடவை வரும் "அல்லாஹு அக்பர்" சரியாக வந்தது. "தொழுகைக்கு வாருங்கள்" என்று அழைக்கும் வரியில் குரல் மூக்குக்குள் போய்விட்டது. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசினால் எப்படி இருக்குமோ அப்படி. கடைசி வரி முடியும்போது எழுத்துகளின் விளிம்பெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும், "என்ன மச்சான், தொண்டை கட்டிருக்கா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை சுபுஹு பாங்கு கண்ணாடி மாதிரி இருந்தது. நான் மறந்தே போனேன்.

ஆனால் அடுத்த வாரமும் அது வந்தது. அதற்கடுத்த வாரம் தினமும் வந்தது. அவருக்குக் காலையில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் வேலையும் உண்டு. முப்பது பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் உரக்க ஓதிவிட்டு வந்தால் மத்தியானச் சாப்பாட்டின்போதே பேச்சு குழறும். "பால்" என்றால் "மால்" என்று கேட்கும். சோற்றை மென்றுகொண்டிருக்கும்போது தாடை நின்றுவிடும். உள்ளங்கையால் முகவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவார். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாகத் திரும்பி வரும். இடது கண்ணிமை பாதிக் கண்ணை மூடிக்கொண்டு தொங்கும். சிரித்தால் உதட்டோரம் மேலே போகாது. யாரையோ பழிப்பதுபோல் இருக்கும் அந்தச் சிரிப்பு. அதனால் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

சுக்கு, அதிமதுரம், திப்பிலி எல்லாம் ஆனது. ஓதி ஊதிய தண்ணீர் ஆனது. ஊரில் ஒரு டாக்டரிடம் நானா கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பது காலை எட்டு மணிக்கு. எட்டு மணிக்கு என் கணவருக்கு ஒன்றுமே இருக்காது. வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கடித்துப் பார்த்து, "தொண்டை சுத்தமா இருக்கு" என்று அனுப்பிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அந்த நேரத்தில் அது சுத்தமாகத்தான் இருந்தது.

காரைக்காலில் அப்போது கள்ளுக்கடையும் சாராயக்கடையும் பகலிலேயே திறந்திருக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் சென்னை ராஜ்யம், மதுவிலக்கு. அதனால் அந்தப் பக்கத்து ஆட்கள் சாரிசாரியாக இங்கே வந்து குடித்துவிட்டுப் போவார்கள். நாக்குக் குழறி, கண் செருகி, தெருவில் தள்ளாடுகிறவர்களை தினமும் பார்த்துப் பழகிய ஊர் அது. சாயங்காலம் ஆனால் கண் செருகி நாக்குக் குழறுகிற ஒரு மனிதரைப் பார்த்து ஊர் என்ன நினைக்கும்? முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்கள் சிரிக்காமல் பார்த்தார்கள். "மோதினார் ஊத்திக்கிட்டு வந்து பாங்கு சொல்றாரு" என்ற பேச்சு எங்கள் கொல்லைச் சுவரைத் தாண்டி உள்ளே வர அதிக நாள் ஆகவில்லை.

நானா ஒரு நாள் கடையிலிருந்து நேரே வந்து, என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"மச்சான், வாயைக் கொஞ்சம் ஊதுங்க."

என் கணவர் சோற்றுக் கையோடு அவரையே பார்த்தார். பிறகு ஊதினார். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிராம்பு வாசனைதான் வந்தது என்று பிறகு உம்மாவிடம் சொன்னாராம். ஆனால் கிராம்பு எதற்கு என்றும் கேட்டாராம்.

நான் மட்டும் என்ன செய்தேன்? அன்று அவர் கண்ணயர்ந்த பிறகு குனிந்து அவர் மூச்சை மோந்து பார்த்தேன். சட்டைப்பையையும் இடுப்பு வாரையும் துழாவினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததால் நிம்மதி வரவில்லை. எங்கே ஒளித்திருப்பார் என்றுதான் மனசு போனது. ஆறு வருடம் கூட இருந்தவள் நான்.

பள்ளியை நடத்தும் ஜமாஅத்தில் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு. அந்த நேரமே அவருக்கு எதிரியாகிவிட்டது. தலைவர் கேட்ட முதல் கேள்விக்கு நன்றாகத்தான் பதில் சொன்னாராம். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் குழறியது. அல்லாஹ் மேல் ஆணையாகத் தொட்டதில்லை என்று சொல்லச் சொல்ல, சொல்லும் சொல்லே மூக்கில் கரைந்தது. "குடிக்கல" என்று சொல்கிறார், கேட்கிறவர்களுக்கு அது வெறும் முனகலாக இருக்கிறது. பேசப் பேச மோசமாகும் வியாதி அது என்று அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. மறுக்க மறுக்க அவர் குடிகாரராகிக்கொண்டே போனார். கடைசியில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"ரெண்டு மாசம் ஓய்வா இருங்க மாப்பிள்ளை" என்று சொல்லி அனுப்பினார்கள். அடித்துத் துரத்தவில்லை. அது ஒரு மரியாதை.

இரண்டு மாதம் அவர் வீட்டில் இருந்தார். பாங்கு இல்லை, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது இல்லை, யாரோடும் பேச்சும் இல்லை. மத்தியானம் படுத்துத் தூங்குவார். வாய்க்கு வேலையே இல்லாமல் போனதால் குரல் திரும்பி வந்தது. கண்ணிமை ஏறியது. சாயங்காலம் என்னோடு நாலு வார்த்தை தெளிவாகப் பேசினார். எங்களுக்குச் சந்தோஷம். ஊருக்கும் சந்தோஷம்தான், ஆனால் வேறு மாதிரி. "பாத்தீங்களா, குடிய விட்டாரு, குரல் வந்துருச்சு" என்றார்கள். தலைவர் வீட்டுக்கே வந்து, "அல்லாஹ் மன்னிக்கிறவன். நாளையிலேருந்து வாங்க" என்று கூப்பிட்டார். செய்யாத தப்புக்குக் கிடைத்த மன்னிப்பை என் கணவர் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது?

பத்து நாள் போனது. பதினோராவது நாள் மஃரிப் பாங்கின் கடைசி வரி மூக்கில் போய் விழுந்தது. கொல்லையில் நின்று கேட்டேன். கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வேறொருவர் பாங்கு சொன்னார்.

அப்போதுதான் உம்மா, "நாகூர் தர்காவுக்குப் போயிட்டு வாங்க, துஆ கேட்டுட்டு வாங்க" என்றார்கள். நாகூர் எங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. தெற்கே போகும் பஸ்ஸில் ஏறினால் திருமலைராயன்பட்டினம் தாண்டி எல்லை, எல்லை தாண்டினால் நாகூர். ஒரு வியாழக்கிழமை மத்தியான லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். நான் வெள்ளைத் துப்பட்டி போர்த்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் அவர் மெதுவாக ஓதிக்கொண்டே வந்தார். ஓதாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது தெரியவில்லை.

எல்லைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். குடித்துவிட்டு வருகிறவர்களை இறக்குவது அவர்கள் வேலை.

"எங்கேருந்து வர்றீரு?"

என் கணவர் பதில் சொன்னார். காரைக்கால் என்ற சொல்லில் ஒரு எழுத்தும் முழுசாக வெளியே வரவில்லை. போலீஸ்காரர் குனிந்து அவர் கண்ணைப் பார்த்தார். இடது இமை தொங்கிக்கொண்டிருந்தது.

"எறங்கும்."

"அவங்க குடிக்கலைங்க" என்றேன் நான். வேற்று ஆண்பிள்ளையிடம் அவ்வளவு உரக்க நான் பேசியது அதுதான் முதல் தடவை. "அவங்க மோதினாருங்க, நாகூருக்குப் போறோம்."

"எல்லாரும் நாகூருக்குத்தாம்மா போறாங்க" என்றார் போலீஸ்காரர். சத்தியமாக அவர் கேலி செய்யவில்லை. தினமும் கேட்டுக் கேட்டு அலுத்த குரல் அது.

சாவடிக்குப் பின்னால் ஏற்கெனவே ஒருவர் பிடிபட்டு உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயதுக்காரர், உண்மையாகவே நிறையக் குடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நிற்க முயன்று, போலீஸ்காரரிடம் பெரிய குரலில் முறையிட்டார்: "ஐயா, இவரு எங்க கடைக்கே வரலைய்யா! நான் காலையிலேருந்து அங்கதான் இருந்தேன், இவரைப் பாக்கவே இல்ல!" எங்களுக்காக அன்றுவரை சாட்சி சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

குடித்திருக்கிறாரா என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். ஆகவே எங்கள் இருவரையும் அந்த மனிதரையும் ஒரு வண்டியில் ஏற்றி நாகப்பட்டினம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வண்டியில் என் கணவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். தர்காவுக்குப் போகவேண்டிய நாளில் போலீஸ் வண்டியில் போகிறோமே என்று நான் அழுதேன். அந்த வண்டிதான் எங்களைக் காப்பாற்றப் போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

டாக்டர் ஒல்லியாக, இளவயசாக இருந்தார். சென்னையில் படிப்பு முடித்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்ததாம். முதலில் அந்தக் குடிகாரரைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அதற்கு ஒரு நிமிடம் ஆனது. பிறகு என் கணவர் வாயருகே குனிந்து மோந்தார். மறுபடி மோந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பேரைச் சொல்லுங்க."

என் கணவர் சொன்னார். டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"இவருக்கு எப்பவும் இப்படித்தான் பேச்சாம்மா? பொறந்ததுலேருந்தா?"

"இல்லைங்க. இப்பத்தான், நாலஞ்சு மாசமா. அதுவும் நாள் பூரா இல்லைங்க."

"நாள் பூரா இல்லைன்னா?"

எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். "இவங்க பள்ளியில அஞ்சு வேளை பாங்கு சொல்றவங்க. எங்க வூடு பள்ளிக்குப் பின்னாடி. நான் அஞ்சு வேளையும் கேப்பேன். சுபுஹுக்குச் சுத்தமா இருக்கும். லுஹருக்கும் பரவாயில்ல. அஸருக்குக் கடைசி வரி தேயும். மஃரிபுக்குப் பாதியிலேயே மூக்கால வந்துரும். ராத்திரி இஷாவுக்கு எனக்கே அவங்க குரல்னு தெரியாது. விடிஞ்சா மறுபடி சரியாயிடும்."

டாக்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"மத்தியானம் தூங்கினா?"

"தூங்கினா அஸரும் நல்லா இருக்குங்க."

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"யாரும் கேக்கலைங்க."

அவர் எழுந்து போய் ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து புரட்டினார். பிறகு என் கணவரைக் கூரையையே பார்க்கச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இரண்டு இமைகளும் திரை இறங்குவதுபோல் இறங்கின. ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். பத்து வரை புரிந்தது. இருபதுக்கு மேல் எல்லா எண்ணும் ஒரே முனகலாகிவிட்டது. டாக்டருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு மனிதர் படும் பாட்டைப் பார்த்து இவர் ஏன் சந்தோஷப்படுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

"படிக்கிறப்போ ஒரே ஒருத்தரைத்தான் இப்படிப் பார்த்திருக்கேன்" என்றார். நர்ஸை அழைத்து ஆபரேஷன் அறைக்கு அனுப்பினார். வயிற்று ஆபரேஷன் ஆனவர்களுக்குக் குடல் அசையாமல் கிடந்தால் போடும் ஊசி ஒன்று உண்டாம். அந்த மருந்து இதற்கும் கேட்கும் என்று புத்தகத்தில் இருக்கிறதாம். கேட்டால் வியாதி இன்னது என்று உறுதியாகிவிடும் என்றார்.

ஊசி போட்டார்கள். போலீஸ்காரர் கதவோரம் நின்றார். ஜன்னலுக்கு வெளியே அந்தக் குடிகாரர் யாரிடமோ நியாயம் பேசிக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் டாக்டர் என்னிடம், "அந்த ஆள் பேசறதைக் கவனிங்கம்மா" என்றார். "ஒரு வார்த்தை இழுக்குது, அடுத்தது வெடிக்குது, சத்தம் ஏறி இறங்குது. தலைக்குள்ள பின்பக்கமா சிறுமூளைன்னு ஒண்ணு இருக்கு. எந்தத் தசை எப்ப, எவ்வளவு அசையணும்னு அளவு பாக்கறது அதுதான். குடி அந்த அளவைக் கெடுக்குது. உங்க வீட்டுக்காரர் பேச்சுல அளவு கெடலை. பலம்தான் தேயுது. காதுக்கு ரெண்டும் குழறல்தான். ஆனா ரெண்டும் வேற வேற."

நான் கவனித்தேன். அவர் சொன்னது உண்மைதான். இவ்வளவு நாள் என் காதுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறது.

கால் மணி நேரம் போயிருக்கும். என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார், மருந்து முறுக்கியது. பிறகு முகத்தைத் தூக்கினார். இடது கண் திறந்திருந்தது. முழுசாக, வலது கண்ணின் அளவுக்கு.

டாக்டர் பரபரப்பாக, "பள்ளிவாசல்ல கூப்பிடுவீங்களே, அதை ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

என் கணவர் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் டாக்டர், நேரம் வரலைங்க. நேரம் வராம பாங்கு சொல்லக்கூடாது."

அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு எழுத்தும் தட்டில் காசு விழுவதுபோல் தனித்தனியாக விழுந்தது. அவர் சொன்னது என்ன என்பதைவிட எப்படிச் சொன்னார் என்பது அவருக்கே அப்புறம்தான் உறைத்தது. "பால்" என்றார். "பால், பாங்கு, பள்ளிவாசல்." பிறகு என்னைப் பார்த்து, "பார்த்தியா?" என்றார். நான் துப்பட்டிக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். நர்ஸ் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். அவர் மடக் மடக்கென்று குடித்தார். ஒரு சொட்டு மூக்கில் வரவில்லை.

அந்த ஊசியின் பலன் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிட்டது. குரலும் கூடவே இறங்கியது. ஆனால் எங்கள் பயம் மட்டும் திரும்பி வரவில்லை, அது நிஜமாகவே போய்விட்டது. ஏறவும் இறங்கவும் ஒரு காரணம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே, அது போதாதா?

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நானா ஓடி வந்தார். தினமும் போட வேண்டிய மாத்திரையின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு சென்னைக்குச் சொல்லி அனுப்பினார். வியாதியைப் பற்றி டாக்டர் எனக்கு ஒரு நாள் விளக்கினார். "மூளை ஒரு உத்தரவு போடுதும்மா. நரம்பு அதை எடுத்துக்கிட்டு வந்து தசை வாசல்ல குடுக்குது. இவருக்கு மூளை சரி, நரம்பு சரி, தசையும் சரி. அந்த வாசல்லதான் கோளாறு. முதல்ல சில தடவை வாங்கிக்குது, அப்புறம் வாங்க மாட்டேங்குது. ஓய்வு குடுத்தா மறுபடி வாங்குது. மருந்து அந்த வாசலைக் கொஞ்ச நேரம் திறந்து வைக்கும்." ஏன் இது வருகிறது என்று கேட்டேன். "அது எங்களுக்கே இன்னும் தெரியாது" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் வைத்தியர் அவர். எனக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை இரண்டு மடங்கானது.

பக்கத்துக் கட்டிலில் பட்டினச்சேரி மீன்காரர் ஒருவர் இருந்தார். நல்ல திடகாத்திரமான ஆள். படகைத் தள்ளும்போது மணலிலேயே விழுந்துவிட்டாராம். வலக்கை கொஞ்சம் சோர்ந்திருந்தது. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் பேச வாய் திறந்தால் உதடு குவியும், விரியும், நாக்கு மேலே போகும், கீழே வரும், ஒரு எழுத்துக்கும் வழி தெரியாது. "தண்ணி" என்று கேட்க நினைத்து "க... ம... ப..." என்று தேடித் தேடி வேர்த்துப்போவார். நாக்கில் பலக்குறைவே இல்லை என்றார் டாக்டர். மூளையில் இடது பக்கம் ரத்தம் ஓடாமல் ஒரு இடம் பழுதாகியிருக்கிறதாம். சொல் தெரியும், அந்தச் சொல்லுக்கு வாயை எப்படிக் கொண்டுபோவது என்ற வழிதான் தொலைந்துவிட்டதாம்.

அவர் மனைவியும் நானும் ஒரே மரத்தடியில் சோறு பொங்கினோம். அவள் சொன்னாள்: "அக்கா, இது ஒரு அதிசயம் கேளு. பேரு சொல்ல வராது. ஆனா வலை இழுக்கிற பாட்டை எடுத்துக் குடுத்தா முழுசாப் பாடுறாரு!" உண்மைதான். அவள் "ஏலேலோ" என்று தொடங்கினால் அவர் தங்குதடையில்லாமல் தொடர்வார். பாட்டு நின்றதும் மறுபடி ஊமை.

என் கணவர் காலையில் குரல் தெளிவாக இருக்கும் நேரத்தில் மீன்காரர் கட்டிலில் போய் உட்கார்ந்துகொள்வார். மாடத்தில் நின்று இழுத்து இழுத்துச் சொல்லிப் பழகிய ஆள் அல்லவா? அந்த இழுவையிலேயே, வலைப்பாட்டின் மெட்டில், "ஏலேலோ... தண்ணி" என்று சொல்லி, உதட்டைக் காட்டுவார். மீன்காரர் அவர் வாயையே பார்ப்பார். பாங்கு சொல்கிறவர் வலைப்பாட்டுப் பாடுவதைப் பார்த்து வார்டே சிரித்தது. ஐந்தாம் நாள் அந்த மெட்டுக்குள்ளேயே "தண்ணி" வந்தது. அரைகுறைதான், "த" கொஞ்சம் நசுங்கியிருந்தது. அவர் மனைவி ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் குடிக்கவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதே சொல்லை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்பட்ட அன்று அவருக்கு ஆறு சொற்கள் இருந்தன. அதில் ஒன்று மனைவியின் பெயர்.

ஊருக்குத் திரும்புமுன் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டேன். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். "எங்க ஜமாஅத்துல இங்கிலீஷ் தெரிஞ்சவங்க கம்மிங்க. பெரியவங்களுக்கெல்லாம் பிரெஞ்சுதான். தமிழ்லயே எழுதிக் குடுங்க" என்றேன். பாவம், மருத்துவத்தைத் தமிழில் எழுத அவருக்குப் பழக்கமில்லை. நான்கு இடத்தில் அடித்துத் திருத்தி ஒரு பக்கம் எழுதினார். "இவர் மது அருந்தியவர் அல்லர்" என்ற வரியை மட்டும் அடிக்காமல் எழுதியிருந்தார்.

ஜமாஅத் தலைவர் அந்தக் கடிதத்தைப் பள்ளியில் எல்லோர் முன்னிலையிலும் நின்று படித்தாராம். படித்து முடித்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, செய்யாததுக்கு உங்களை மன்னிச்சேனே, அதுக்கு நீங்க என்னை மன்னிக்கணும்."

"நானே என்னைச் சந்தேகப்பட்டேங்க" என்றார் என் கணவர். "எனக்குத் தெரியாம எதையாவது குடிச்சுத் தொலைச்சுட்டேனோன்னு."

நானா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். தலைவர் போன பிறகு நான் என் கணவரிடம் என் பங்கைச் சொன்னேன். தூங்கும்போது மோந்து பார்த்ததை, சட்டைப்பையைத் துழாவியதை.

"தெரியும்" என்றார். "அன்னிக்கு நான் தூங்கல."

இத்தனை மாதமும் அதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் என் கையைப் பிடித்து, "நீ அஞ்சு வேளையும் காது குடுத்துக் கேட்டிருக்கே. அதைச் சொல்லலைன்னா நான் இப்ப எங்க இருப்பேன்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு ஒரு தடவையும் அவர் அதை எடுத்ததில்லை.

வியாதி போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு பாங்குக்கும் சாப்பாட்டுக்கும் முன்னால் ஒரு மாத்திரை. மாத்திரை தீர்ந்து, சென்னையிலிருந்து வர நாளானால் படுத்துவிடுவார். காய்ச்சல் வந்தால் மோசமாகும். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பதை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். இஷா பாங்கையும் அந்த மற்றவரே சொன்னார். நோன்பு மாதம் வந்தபோது மாத்திரையை விடுவேன் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று இமாம் வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் வழிக்கு வந்தார். அந்த மாதம் முழுவதும் பகலில் மாத்திரையை யார் கண்ணிலும் படாமல் அடுப்படிக்கு வந்து விழுங்குவார்.

அந்த வருடம் பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவருடைய பழைய சட்டை ஒன்றைப் பாத்திரக்காரனிடம் போட்டு ஒரு சின்ன வாளி வாங்கிவிட்டேன். கிழிந்த சட்டைதான். சாயங்காலம் மஃரிப் முடிந்து வந்தவர் அதைத் தேடினார். நான் வாளியைக் காட்டினேன். அவருக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. என்னைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம், அது என் வாப்பா வாங்கிக் கொடுத்த சட்டை, உனக்கு எது பழசு எது புதுசு என்று யார் சொன்னது, இந்த ஓட்டை வாளிக்கா அதைப் போட்டாய் என்று கால் மணி நேரம் விடாமல் பொழிந்தார். விளக்கு வைத்த நேரம். ஒரு சொல்கூட மழுங்கவில்லை. உம்மா பயந்துபோய் எழுந்து வந்து, "என்னா சண்டை?" என்று கேட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

"இங்க ஒருத்தன் கத்திக்கிட்டு இருக்கேன், நீ சிரிக்கிறியா?" என்றார்.

"ஆமா" என்றேன். "இன்னும் கொஞ்சம் திட்டுங்க."